படத்துக்கு முந்திய குரல்

அத்தியாயம் 6

பெல்ஃபோர்ட்டில் அன்று மதியம் ஊரே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர்கூடக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

வெர்னா கில்க்ரெஸ்டின் வயிற்றெரிச்சல் முழுக்க அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருந்தது. கென்டக்கி மலைப்பக்கத்துக் கல்லூரிகள் பத்து சேர்ந்து விளையாடும் அமைப்புக்கு டால்பைன் கூட்டமைப்பு என்று பெயர். அந்தப் பத்தும் தங்களுக்கென்று ஒரு தொலைக்காட்சியைத் தொடங்கி, அதன் தலைமையில் வெர்னாவை உட்கார வைத்திருந்தன. நாளைக்குத் தொடக்க விழா. முதல் ஆட்டம், பெல்ஃபோர்ட்டுக்கும் டன்மோருக்கும் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்து. இன்றைக்கு அதே இரண்டு கல்லூரிப் பெண்களின் ஆட்டத்தை, பெல்ஃபோர்ட் ஊருக்குள் மட்டும் தெரிகிற மாதிரி, ஒத்திகையாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரமாக ஒத்திகை நடக்கிறது. ஒரு வாரமாக ஒரு திருட்டுக் குரலும் நடக்கிறது. ஆட்டம் ஆரம்பித்ததும் ரேடியோவில் எந்த நிலையமும் இல்லாத ஓர் இடத்தில் யாரோ ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டு, பந்து போகிற இடமெல்லாம் கூடவே போய் வர்ணிக்கிறான். அரங்கைச் சுற்றி இரண்டு மூன்று தெருவுக்குக் கேட்கிறது. ஜனங்கள் டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு, பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு இவனைக் கேட்கிறார்கள். சிகாகோவிலிருந்து பெரிய சம்பளத்துக்கு வெர்னா கூட்டிவந்த வர்ணனையாளர் கிராண்ட் விட்லாக் பேசுவதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

தொடக்க விழாவுக்குப் பணம் போடுகிறவர் கிளோவிஸ் ரட். டிரக் வியாபாரி. அவருடைய டிரக்குகளின் பெருமையை கிராண்ட் ஆட்டத்துக்கு நடுவே நடுவே சொல்வதாக ஏற்பாடு. "வாய்க்குக் காசு குடுக்கறேன். கேக்கக் காது இல்லன்னா எனக்கென்ன லாபம்? நாளைக்கு ஆட்டத்துக்குள்ள அவனப் புடிங்க. இல்லன்னா நான் கெளம்பறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் கிளம்பினால் விழா கிடையாது. விழா இல்லையென்றால் வெர்னாவுக்கு வேலை கிடையாது.

அதனால்தான் துப்பறியும் ஹாலிஸ் டார்வாட்டர் இப்போது அரங்குக்கு எதிரே மேபெல் கடையில் உட்கார்ந்து, ஆட்டிறைச்சி போட்ட பர்கூ என்கிற கெட்டிக் குழம்பைக் கரண்டி கரண்டியாகத் துப்பறிந்துகொண்டிருந்தார்.

"பாஸ், அந்தப் பாத்திரத்துல குற்றவாளி ஒளிஞ்சிருக்கானா?" என்றாள் ஜூனி போட்ரைட். அவருடைய உதவியாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பாள். கேலி மட்டும் இலவசம்.

"சாப்பிடறப்பதான் எனக்கு மூளை ஓடும்."

"அப்ப இதுக்குள்ள அது டன்மோர் வரைக்கும் ஓடியிருக்கணும்."

கடையில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பின. ஒருவர் கரண்டியைக் கீழே வைத்தார். ஜூனி இந்த ஊருக்குப் புதிது. பெல்ஃபோர்ட்டில் டன்மோரின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. பெண்ணை அந்த ஊரில் கட்டிக்கொடுத்தவர்கள்கூட, "ஆத்துக்கு அந்தப்பக்கம் குடுத்திருக்கோம்" என்றுதான் சொல்வார்கள், ஏதோ பெண் நீந்திப் போய்விட்ட மாதிரி.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் ஜூனி எல்லோரையும் பார்த்து. "ஆத்துக்கு அந்தப்பக்கம்."

கரண்டி மறுபடி வேலைக்குப் போனது. மேபெல் கல்லாவுக்கு மேலிருந்த ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். குரல் வந்தது. மலைப்பக்கத்து இழுவை, சூடு ஆறாத சோளரொட்டி மாதிரி ஒரு குரல்.

"ஏழாம் நம்பர் பந்தத் தட்டிக்கிட்டே வர்றா. முடி அவுந்து மூஞ்சில விழுது, ஊதித் தள்றா. இடது மூலைக்குப் போறா. ஆத்துக்கு அந்தப்பக்கத்து நெட்டச்சி ஒருத்தி குறுக்க வந்து நிக்கறா, கதவத் தொறந்து போட்ட அலமாரி கணக்கா. ஏழு குனியறா, அலமாரிக்கு அடியில பூந்துட்டா, எம்பறா... விழுந்துச்சு. கூடைக்குள்ள விழுந்துச்சு."

கடை கைதட்டியது. மேசைகளைத் தட்டியது. தட்டி முடித்து ஆளுக்கொரு வாய் ரொட்டியும் விழுங்கினார்கள். அதற்குப் பிறகுதான் சுவரில் இருந்த டிவியில் ஏழாம் நம்பர் பெண் முடியை ஊதித் தள்ளினாள்.

"பாஸ், இந்த ஊர்ல எல்லாருக்கும் ஜோசியம் தெரியும் போல."

ஹாலிஸ் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார். அவர் பாத்திரத்தை நகர்த்தினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஜோசியம் இல்ல. டிவில வர்ற படம் சாட்டிலைட் வரைக்கும் ஏறி, வானத்தச் சுத்திப் பாத்துட்டு எறங்கி வருது. குரல் குறுக்குச் சந்துல வந்துடுது. அவன் வீட்டுல உக்காந்து டிவியப் பாத்துச் சொன்னா, குரல் படத்துக்குப் பின்னாடிதான வரணும்?"

"முந்தி வருது. அப்ப அவன் நிஜ ஆட்டத்தப் பாக்கறான்."

"ஆமா. அரங்குக்குள்ள இருக்கான். வா."

"அரங்குக்குள்ள இருக்கற பெல்ஃபோர்ட் வெறியன். அந்தப் பேரக்கூட சொல்லமாட்டேங்கறானே. கேசு முடிஞ்சுது பாஸ்."

"துப்பு ரொம்பப் பொருத்தமா இருக்கு ஜூனி. அவ்வளவு பொருத்தமா இருந்தா எனக்குப் பயமா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே ஹாலிஸ் மிச்சமிருந்த ரொட்டியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அரங்கின் வாசலில் வெர்னா நின்றுகொண்டிருந்தார். வாசலுக்கு வரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

"எனக்கு ஆள் தெரியும் சார். டெல்பர்ட் கிரம். இந்தக் கல்லூரி ரேடியோல முன்னாடி அவர்தான் வர்ணனை. நாங்க எல்லா உரிமையும் வாங்கினதும் ரேடியோவ மூடிட்டோம். அந்தக் கோவம் அவருக்கு. உள்ளதான் உக்காந்திருக்காரு. கையும் களவுமாப் புடிங்க."

டெல்பர்ட் கிரம் கீழ் வரிசையில், பன்றித்தொடைக் கறி வைத்த பிஸ்கட் ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் முழுக்க இருந்தது. ஜூனியின் காதில் மாட்டியிருந்த குட்டி ரேடியோவில் குரல் அந்த நேரத்தில் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இவர் இல்ல பாஸ். ஒரே வாயில இந்த ரெண்டு வேலையும் நடக்காது."

டெல்பர்ட் விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். "எல்லாரும் என்னையத்தான் சந்தேகப்படறாங்க. எனக்கு அதுவே அவமானம். அந்தப் பயல் சொல்றதக் கேட்டீங்களா? அலமாரியாம். நானா இருந்தா நிலைப்படின்னு சொல்லியிருப்பேன்." அவர் மறுபடி பிஸ்கட்டுக்குத் திரும்பினார். பொறாமைப்படுகிறவன் குற்றவாளியாக இருப்பதில்லை என்று ஹாலிஸுக்குத் தெரியும்.

அவர் படிக்கட்டில் நின்று அரங்கைச் சுற்றிப் பார்த்தார். ஒத்திகை ஆட்டம், வேலைநாள் மதியம். அங்கங்கே நாலு பேர்தான். மேலே கண்ணாடி அறையில் கிராண்ட் விட்லாக் தனியாகத் தெரிந்தார். சாம்பல் நிறக் கோட்டு, சாம்பல் நிற டை. சிவப்பு பெல்ஃபோர்ட்டின் நிறம், நீலம் டன்மோரின் நிறம் என்பதால், நடுநிலை என்று ஒப்பந்தம் போட்ட மனிதர் சாம்பலுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"பாஸ், அங்க ஒரு அம்மா தனியா உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்காங்க," என்றாள் ஜூனி. "நான் இன்னும் ஜோக்கே சொல்லல."

நடைபாதையை ஒட்டிய ஓரத்து இருக்கை. ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும் அந்தப் பெண்மணிக்கு. பெல்ஃபோர்ட் சிவப்பில் ஸ்வெட்டர், மடியில் மடக்கிய வெள்ளைக் கோல், காதில் ஒரு சின்னக் கருவி. பார்வை ஆட்டத்தின் மேல் இல்லை, எதன் மேலும் இல்லை. அவர் பெயர் ஓபல் ஹென்னிங் என்றும், கல்லூரியின் தொலைபேசி இணைப்பகத்தில் வெகுகாலமாக வேலை செய்கிறவர் என்றும், கல்லூரியில் எல்லோர் குரலும் அவருக்கு அத்துப்படி என்றும் வெர்னா சொல்லியிருந்தார்.

ஹாலிஸ் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். "காதுல என்னம்மா?"

"காது கேக்காதவங்களுக்கு வாசல்ல ஒரு மிஷின் குடுப்பாங்க. அறிவிப்பெல்லாம் இதுல கேக்கும்."

"உங்களுக்குக் காது கேக்காதா?"

"நீங்க படியேறி வந்தப்ப ரெண்டு முட்டியும் நறநறன்னுச்சே, அது கேட்டுச்சு. பையில சோளரொட்டி இருக்கு, அதுக்குக் காதே வேணாம்."

ஜூனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாஸ், இவங்கள வேலைக்கு எடுத்துக்கலாம். நான் வேணா ராஜினாமா பண்ணிடறேன்."

"மிஷின்ல யாரு பேசறாங்க?" என்றார் ஹாலிஸ்.

"கேட்டா சொல்லிடுவேன்னா கேக்கறீங்க?" என்றார் ஓபல், வெகு மரியாதையாக.

ஹாலிஸ் எழுந்து, ரொட்டியைப் பாதியாகப் பிட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். நடைபாதைக்கு வந்ததும் ஜூனியிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"முடி அவுந்து விழுது, இடது மூலைக்குப் போறா, இதெல்லாம் படம் பாக்கறவனுக்கு எதுக்கு? படத்துலயே தெரியுதே. இந்த வர்ணனை ஊருக்காக இல்ல. அந்தக் கருவிக்குன்னு இந்த அரங்குல ஒரு சின்ன ஒலிபரப்பி இருக்கும், தெருவுக்கும் கொஞ்சம் கசியும். மொத்த ஊரும் இவங்க காதுல போறத ஒட்டுக்கேட்டுக்கிட்டிருக்கு."

"அப்ப அவன் பெல்ஃபோர்ட் வெறியனா இருக்கணும்னு அவசியமே இல்ல."

"கேக்கறவங்க வெறியா இருந்தாப் போதும்."

அந்த நிமிடம் டன்மோர் பெண் ஒருத்தி கோட்டுக்கு வெளியேயிருந்து வீசினாள். மூன்று பாயின்ட். ஜூனி காதிலிருந்த ரேடியோவைத் தட்டிப் பார்த்தாள்.

"துக்கம் போல பாஸ். மூச்சே காணோம்."

நடைபாதைச் சுவரில் ஒரு டிவி இருந்தது. அரங்குக்குள்ளேயே கம்பி வழியாக வருவதால் இதில் படம் தாமதமாவதில்லை. அதன் சத்தம் அடைக்கப்படவும் இல்லை. கவனிக்க ஆள் இல்லாததால் யாரும் அடைக்கவில்லை. ஹாலிஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் ஊமையாத்தான் இருக்கு. துக்கம் அவனுக்கு. கிராண்டுக்கு என்ன வந்துச்சு?"

டிவியில் கிராண்டின் வெண்ணெய்க் குரல் திரும்பியது: "ஆகா. என்ன ஒரு ஆட்டம்." அது முடிந்த பிறகு ரேடியோவில் மலைக்குரல் திரும்பியது. பிறகு டிவி. பிறகு ரேடியோ. ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்க வந்த இருவர் மாதிரி ஒருவர் நகர்ந்த பிறகே அடுத்தவர் வந்தார். ஜூனி கேலியை மறந்து மேலே கையைக் காட்டினாள். அவளுக்கு அது அபூர்வம்.

"மேல பாருங்க பாஸ். டன்மோர் கூடை போட்டப்ப அந்த ஆளு டைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. ஹார்ட் அட்டாக்குன்னு நெனச்சேன்."

"ஒளிபரப்பு வண்டி எங்க நிக்குது?" என்றார் ஹாலிஸ்.

வண்டி அரங்கின் பின்பக்கம் நின்றது. உள்ளே திரைகளுக்கு முன்னால் டெஸ்மண்ட் என்ற பொறியாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வெர்னா, நகத்தைக் கடிப்பதற்கு இன்னும் ஏதாவது நகம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் ஒரு சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

"அது என்ன?"

"இருமல் பொத்தான் சார்," என்றார் டெஸ்மண்ட். வர்ணனையாளருக்கு முன்னால் ஒரு பொத்தான் இருக்கும். இருமல், தும்மல் வந்தால் அதை அமுக்கிக்கொள்வார். அமுக்கியிருக்கும்வரை அவர் சத்தம் வெளியே போகாது. இங்கே விளக்கு எரியும். "பாவம், மனுஷனுக்கு வாரம் பூரா இருமல். மேடம் தேன், இஞ்சி டீ, மிட்டாய்னு மேல அனுப்பிக்கிட்டே இருக்காங்க."

"அவர்கூட மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"தினமும் சாப்பிடறேனே."

"அப்ப இருமினாரா?"

டெஸ்மண்ட் யோசித்தார். "இல்ல. பாட்டுதான் பாடினாரு."

ஜூனி காதிலிருந்த ரேடியோவைக் கழற்றிப் பலகையின் மேல் வைத்தாள். விளக்கு எரிந்தால் ரேடியோ பேசியது. விளக்கு அணைந்தால் ரேடியோ நின்றது. வெர்னா அதைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மறுபடி ரேடியோவைப் பார்த்தார். அவர் முகத்தில் நிறங்கள் மாறியதை டால்பைன் தொலைக்காட்சி ஒளிபரப்பியிருந்தால் ரட்டுக்குப் போட்ட பணம் திரும்பியிருக்கும்.

"பொத்தானோட ஒயரக் கழட்டிடுங்க," என்றார் ஹாலிஸ். "விளக்கு மட்டும் எரியட்டும்."

"அப்ப அவர் சொல்றதெல்லாம் ஊர் பூரா கேட்டுடுமே," என்றார் வெர்னா.

"ஊர் பூரா சத்தத்த அடைச்சு வெச்சிருக்கு மேடம்."

டெஸ்மண்ட் ஒயரைப் பிடுங்கினார். விளக்கு எரிந்தது. வண்டியின் ஒலிபெருக்கியில், சிகாகோ வெண்ணெய் அப்படியே உருகி மலைத்தேனாக மாறி வந்தது.

"அக்கா, இப்ப பாரு. பந்து நம்ம ஏழுகிட்ட. ஒரு பாயின்ட்டுதான் நாம முன்னால. அவ கடிகாரத்தப் பாக்கறா. அலமாரி திரும்பவும் வந்து நின்னுடுச்சு. ஐயோ, புடுங்கிட்டாங்க. ஆத்துக்கு அந்தப்பக்கத்துக் குட்டச்சி புடுங்கிக்கிட்டு ஓடறா..."

ரேடியோ சட்டென்று ஊமையானது. திரையில் டன்மோர் பெண் எம்பினாள். பந்து வளையத்தில் சுற்றி உள்ளே விழுந்தது. ஆட்டம் முடிந்தது. ஒலிபெருக்கி அதிர்ந்தது.

"அப்படிப் போடு தங்கம். டன்மோர்னா கொக்கா."

டெஸ்மண்ட் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

"பாஸ்," என்றாள் ஜூனி மெல்ல. "நாம பெல்ஃபோர்ட் வெறியனத் தேடிக்கிட்டு வந்தோம்."

கண்ணாடி அறையில் கிராண்ட் ஓடவில்லை, மறுக்கவுமில்லை. டைக்குப் பின்னால் குத்தியிருந்த குட்டி மைக்கைக் கழற்றி வெர்னாவின் முன் வைத்தார். பக்கத்தில் பிரிக்காத இருமல் மிட்டாய் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன.

"வேலியே பயிர மேஞ்சிருக்கு," என்றார் வெர்னா. "பத்துக் கல்லூரியோடயும் சம்பந்தம் இல்லன்னு சொன்னீங்களே."

"டன்மோர்ல ஒரு வருஷம் படிச்சேன் மேடம். கணக்குல கோட்டை விட்டு ஓடிட்டேன். அத சம்பந்தம்னு அவங்களே ஒத்துக்கமாட்டாங்க." அவர் கண்ணாடி வழியே கீழே பார்த்தார். "ஓபல் எங்க அக்கா. கண்ணு தெரியாதவள எவனும் வேலைக்கு எடுக்காதப்ப இந்தக் காலேஜுதான் எடுத்துச்சு. அதுலேருந்து அவளுக்கு பெல்ஃபோர்ட்தான் எல்லாம். ஆட்டத்துக்கு வந்து உக்காந்து, ரேடியோவக் காதுல வெச்சுக்குவா. நீங்க ரேடியோவ மூடினீங்க. போன் பண்ணினா. 'உன் டிவியில நீ ஆகா என்ன ஒரு ஆட்டம்னு சொல்றே. என்ன ஆட்டம்டா? யாரு எங்க நிக்கறா?'ன்னு கேட்டா. அன்னிக்கே இந்த மைக்க வாங்கி, அந்தக் காது மிஷினோட ஒலிபரப்பில சேத்துட்டேன்."

வெர்னா உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ரேடியோவ இப்பல்லாம் யாரு கேக்கறாங்கன்னு நெனச்சேன்," என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"அந்தப் பேரு?" என்று கேட்டாள் ஜூனி. "அத ஏன் சொல்லல?"

"அக்கா காதுல அந்தப் பேரு விழக்கூடாது. வீட்டுச் சட்டம். அவங்க கூடை போட்டா எனக்கு அடக்க முடியாது. அதான் ஒரு கையால மைக்கப் பொத்தி, இன்னொரு கையால பொத்தான அமுக்கிக்குவேன்."

கதவு தட்டப்படாமலே திறந்தது. கிளோவிஸ் ரட் உள்ளே வந்தார், உடம்பை விடப் பெரிய தொப்பியோடு. ஹாலிஸ் விஷயத்தைச் சொன்னார். ரட் கேட்டு முடித்து கிராண்டை மேலும் கீழும் பார்த்தார்.

"அலமாரின்னு சொன்னது நீங்கதானா?"

"நான்தான்."

"நிறுத்திடாதீங்க."

"நீங்கதான சார் புடிக்கச் சொன்னீங்க," என்றார் வெர்னா.

"புடிங்கன்னேன். வெரட்டுங்கன்னா சொன்னேன்? ஆளத் தெரிஞ்சாத்தான என் டிரக்கப் பத்தி பேசச் சொல்ல முடியும்? என் கடையிலயே டிவிய ஊமையாக்கிட்டு இவரத்தான் கேட்டுக்கிட்டிருக்கோம்." ரட் தொப்பியைச் சரிசெய்தார். "ஆனா ஒண்ணு. நடுநிலைன்னு எல்லாருக்கும் வாக்குக் குடுத்திருக்கீங்க. அது உங்க தலவலி."

அந்தத் தலைவலி காலையில் தானாகத் தீர்ந்தது. டெஸ்மண்ட் விஷயத்தைத் தன் மனைவியிடம் மட்டும்தான் சொன்னார். உலைவாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. விடிவதற்குள் ஆற்றின் இரு கரையும் கொதித்தது. பெல்ஃபோர்ட்டிலிருந்து, 'அந்தப்பக்கத்து ஆளையா வர்ணனைக்கு வைப்பீங்க' என்று திட்டினார்கள். டன்மோரிலிருந்து, 'நம்ம ஆளா இருந்துக்கிட்டு ஒரு வாரமா அவங்களுக்குக் கைதட்டியிருக்கானே' என்று திட்டினார்கள். வெர்னா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு இரண்டையும் கேட்டார்.

"ரெண்டு ஊரும் ஒரே அளவுக்குத் திட்டுது," என்றார் ஹாலிஸிடம். "இதவிட நடுநிலையான ஆளு எனக்கு எங்க கெடைப்பாரு?"

தொடக்க விழா அன்று அரங்கில் எள் போட்டால் எள் விழாது. பத்துக் கல்லூரித் தலைவர்களும் சேர்ந்து ஒரு விசையை அழுத்தினார்கள். யார் விரல் முதலில் பட்டது என்ற தகராறு அப்போதே ஆரம்பித்துவிட்டது. டால்பைன் தொலைக்காட்சி பத்து ஊர்களிலும் தெரிந்தது. அதில் ஒலிக்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். முதல் வழியில் வெண்ணெய். இரண்டாவது வழியில் மலைத்தேன். இருமல் பொத்தானை அமுக்கினால் குரல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்படி டெஸ்மண்ட் ஒயரைத் திருத்தியிருந்தார்.

ஓபல் தன் ஓரத்து இருக்கையில் இருந்தார், பக்கத்தில் ஜூனி.

"உங்க தம்பி அந்தப்பக்கத்து ஆளுன்னு உங்களுக்கு அதிர்ச்சியா இல்லியாம்மா?"

"அவன் அந்தப்பக்கம்னு எனக்குத் தெரியாதா? அவங்க கூடை போட்டா இவன் எனக்கு ஒழுங்கா பாயின்ட் சொன்னதே இல்லியே. மௌனத்த வெச்சுத்தான் எண்ணிக்குவேன். சின்ன மௌனம்னா ரெண்டு. பெரிசா இருந்தா மூணு. அவ்வளவு நேரம் ஆகும் அவனுக்கு, சந்தோஷத்த முழுங்க." ஓபல் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார். "இன்னிக்கு விசேஷமாச்சே, அந்தப் பேர ஒரு தடவ சொல்லிக்கடான்னேன். வேணாம்க்கா, நாக்கு பழகிடும்னுட்டான்."

ஆட்டம் கடைசிவரை இழுத்தது. பெல்ஃபோர்ட் இரண்டு பாயின்ட் முன்னால். கடிகாரத்தில் கையளவு நேரம்தான் மிச்சம். டன்மோர் பையன் ஒருவனிடம் பந்து போனது. அவன் மூன்று பாயின்ட் கோட்டை மிதித்தானா, கோட்டுக்கு வெளியே நின்றானா என்பது பக்கத்திலிருந்த ஜூனிக்கே தெரியவில்லை. உள்ளே நின்று போட்டிருந்தால் ஆட்டம் சமன். வெளியே நின்று போட்டிருந்தால் பெல்ஃபோர்ட் தோற்றுவிட்டது. பந்து விழுந்தது. அரங்கு முழுக்க எழுந்து நின்று நடுவரின் கையைப் பார்த்தது.

நடுவர் கையைத் தூக்கவில்லை. மற்ற நடுவரைக் கூப்பிட்டார். இருவரும் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜூனி அண்ணாந்து கண்ணாடி அறையைப் பார்த்தாள். கிராண்ட் ஒரு கையால் டையைப் பிடித்திருந்தார். இன்னொரு கை கண்ணை மறைத்திருந்தது. பொத்தான்மேல் எந்தக் கையும் இல்லை. முதலில் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராமலே வெகு நேரம் போனது. பிறகு டால்பைன் தொலைக்காட்சியில், பத்து ஊருக்கும் கேட்கும்படி, தொண்டை அடைத்த நிஜ இருமல் ஒன்று வந்தது.

நடுவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓபல் கருவியைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

"மூணு," என்றார். "தோத்துட்டோம்." வெள்ளைக் கோலை விரித்தார். "எழுந்திரும்மா ஜூனி, மேல கூட்டிட்டுப் போ. அவனுக்கு நான் ஒரு வாழ்த்து சொல்லணும். அந்தப் பேர நான் வாயால சொல்லி அவன் கேட்டதே இல்ல."